சீப்பு இல்லாத பலகை

ஜனவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுவது.

மார்க்கெட் கடிகாரம் நின்றுபோய் ஒரு வருஷம் முழுக்க நாலே காலையே காட்டிக்கொண்டிருந்ததே, சினிமாக் கொட்டகை எரிந்து அடுத்த மாதமே ரயில்காரர்கள் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த வருஷம்தான் நான் பியானோ கடையில் சுமை தூக்கச் சேர்ந்தேன். நீ அப்போது பிறக்கவில்லை. அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் எத்தனை பியானோ தூக்கினேன் என்று கேட்டால் கணக்குத் தெரியாது. ஆனால் எது எந்த மாடிக்குப் போனது, எத்தனை படி, எந்தத் திருப்பத்தில் கைப்பிடி இடித்தது என்று கேள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பள்ளிக்கூடத்தில் இசை வகுப்பையே எடுத்துவிட்டார்கள் என்று வாசிக்கக் கேட்டு வயிறு எரிந்தது. பதினெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவளை ஒரு கடுதாசியில் அனுப்பிவிடுவதா? போகட்டும். வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறேன் என்றாயே, அதுதான் என் மகள். ஜூனில் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள் என்றால், அதற்கு நாலு மாதம் முன்பே பியானோ வந்து வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட வேண்டும்.

புதுசு வாங்காதே. உள்ளே எல்லாம் அட்டை. பழசு வாங்கு, அதுவும் எங்கள் கடை விற்ற பியானோவாகப் பார்த்து வாங்கு. அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாங்கள்தான் தூக்கினோம். எப்படிக் கண்டுபிடிப்பது? பியானோவில் காலால் மிதிக்கிற கட்டைகளுக்கு மேலே ஒரு பலகை இருக்கும். அதைக் கழற்றி உள்பக்கம் பார். எங்கள் நாலு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. பியானோவை இறக்கி வைத்ததும் ஆணியால் ஆளுக்கொரு குறி கீறுவோம். நெட்டையன் ஏணி போடுவான். முன்னே மீன் கூடை சுமந்தவன் மீன் போடுவான். எந்த வீட்டு மணியை அடித்தாலும் அதற்கு முன் தலைவாரிக்கொள்கிறவன் சீப்பு போடுவான். மேஸ்திரியான நான் வட்டம். பிறகு குறியே பெயராகிவிட்டது.

என் வட்டம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. நான் தூக்கிய பியானோவில் குறை இருக்காது.

இப்படிக்கு,
அப்பா

(கடைசி வரியை இரண்டு முறை எழுதச் சொன்னார். ஒரு முறை போதும் என்று விட்டுவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மா)


பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அலமாரியில் அழகு பார்க்கிறீர்களா? இங்கே இருவரும் நலம். சொன்னால் நம்பமாட்டீர்கள், கிடைத்துவிட்டது!

ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, பலகையைக் கழற்றச் சொன்னேன். ஒரு கடைக்காரர், "ஏம்மா, நீங்க பியானோ வாங்க வந்தீங்களா, எலி பிடிக்க வந்தீங்களா?" என்றார். கடைசியில் ஒரு ஏலக்கூடத்தில், பீரோவுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே நின்றிருந்தது. கறுப்பு. சுவரோரம் நிற்கிற ரகம். பலகையைத் திருப்பினேன். வட்டம்! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஏலக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

உடனே வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த செட்டில்மெண்ட் பணம் ஏறக்குறைய முழுதும் போனது. "உங்கப்பாவோட கையெழுத்துக்கு இவ்வளவு விலையா?" என்று உங்கள் மாப்பிள்ளை கேலி செய்கிறார். செய்யட்டும்.

ஒரே ஒரு விஷயம். நாலு குறி என்றீர்கள். இதில் மூன்றுதான் இருக்கிறது. வட்டம், ஏணி, மீன். சீப்பு இல்லை. சீப்பு மாமா அன்றைக்கு எங்கே போனார்? என்னைப் பியானோ வண்டியில் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போவாரே, அவர்தானே? பிறகு ஏனோ நம் வீட்டுக்கு வரவே இல்லை.

உங்கள் அன்பு மகள்


பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். தைலம் தேய்க்கிறேன்.

பியானோவை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதே. வெயில் ஏறி இறங்குகிற சுவர் மரத்தைத் தின்றுவிடும். ஜன்னலுக்கு நேரேயும் வேண்டாம். மேலே பூஜாடி, போட்டோ, காபித் தம்ளர் எதுவும் வைக்காதே. உள்ளே கம்பளித் துணி இருக்கிறது, அதைப் பூச்சி அரிக்கும். இரண்டு அந்துருண்டையைத் துணியில் முடிந்து கீழே போடு. வேனிலில் ஒரு கிண்ணம் தண்ணீர் உள்ளே வை. சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடு.

அது யார் வீட்டிலிருந்து ஏலத்துக்கு வந்தது?

அப்பா

(இவ்வளவுதான் சொன்னார். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். டைப்பிஸ்ட் அம்மா)


மார்ச் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. வந்ததும் சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையா? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்ததாம். மூன்றாவது மாடி. டாக்டர் எப்போதோ இறந்துவிட்டார், பேத்தி வீட்டைக் காலி செய்கிறாள். அந்த வீட்டில் அதை யாரும் வாசித்ததே இல்லையாம். நாற்பது வருஷம் மேலே போட்டோக்களை அடுக்கிவைத்திருந்தார்கள்.

ட்யூனர் வந்தார். பெரிய தோல்பை, சின்னப் பேச்சு. சுதி ரொம்ப இறங்கியிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்றார். அரை நாள் உட்கார்ந்து ஏற்றினார். மூன்று நாள் சொர்க்கம். நாலாம் நாள் இடது பக்கக் கனத்த கம்பிகள் எல்லாம் இறங்கிவிட்டன. மறுபடி வந்தார். மறுபடி இறங்கின. கட்டையைத் தட்டினால் பல்வலிக்காரன் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

சீப்பு மாமாவைப் பற்றிக் கேட்டேனே, பதிலே இல்லை.

உங்கள் மகள்


மார்ச் 19

பாப்பாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு வந்த ட்யூனர்தான் சரியில்லை. அந்த ஆளை மாற்று. தோல்பை பெரிதாக இருந்தால் ட்யூனர் ஆகிவிட முடியுமா? எங்கள் கடையில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கம்பி நிற்கவில்லை என்றால் ஆணி தளர்ந்திருக்கும், இல்லை ஈரம் ஏறியிருக்கும். எந்தச் சுவரில் வைத்திருக்கிறாய்? நான் சொன்னது காதில் விழுந்ததா இல்லையா? உள்சுவருக்கு மாற்று. வேறு ட்யூனரைக் கூப்பிட்டு, பயப்படாமல் முழுச் சுதிக்கு ஏற்றச் சொல். அரைகுறையாக ஏற்றினால் அரைகுறையாகத்தான் நிற்கும்.

அப்பா

(கடைசியில் நாலு வரி சொல்லிவிட்டு, அதை அடித்து அழிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்து வாசிக்க முயல வேண்டாம், நன்றாகவே அடித்திருக்கிறேன். டைப்பிஸ்ட் அம்மா)


ஏப்ரல் 6

அப்பா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நலம்தானே?

உள்சுவருக்கு மாற்றினோம். அதற்குச் சாப்பாட்டு மேசை முன்னறைக்கு வந்தது, சோபா படுக்கையறைக்குப் போனது, நாங்கள் சோபாவைத் தாண்டிக் கட்டிலுக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் உங்கள் மாப்பிள்ளையும் தள்ளினார்கள். தரையில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "இது என்ன, ரயில் தண்டவாளமா?" என்றார்.

அந்துருண்டை வாசத்தில் உங்கள் மாப்பிள்ளைக்குத் தும்மல். தண்ணீர்க் கிண்ணத்தில் கொசு. பழைய ட்யூனரை வேண்டாம் என்று சொன்னேன். மனிதர் பையை மூடிக்கொண்டு, "தப்பு என் கையில இல்லம்மா. உள்ள ஏதோ இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அடுத்த ட்யூனர் மே முதல் வாரத்தில்தான் வருவாராம்.

ஒரு பிள்ளையின் அம்மா வந்து வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

நான் கேட்பதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்வதில்லை. கேட்காததற்கெல்லாம் சொல்கிறீர்கள்.

மகள்


ஏப்ரல் 30

பாப்பா,

அந்தப் பியானோவை விற்றுவிடு. ஏலக்காரனிடமே திருப்பிக் கொடு. முழுச் சுதிக்கு ஏற்ற வேண்டாம். நான் சொன்னதை விடு.

அப்பா


மே 8

அப்பா,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு நாள் தாமதம்.

புது ட்யூனர் முந்தாநாள் வந்தார். நீங்கள் முன்பு சொன்னபடியே, பயப்படாமல் முழுச் சுதிக்கு ஏற்றச் சொன்னேன். பாதிக்கு மேல் போகும்போது உள்ளே வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். ட்யூனர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கம்பிகளைத் தாங்குகிற இரும்புச் சட்டம் இடது மூலையில் பிளந்துவிட்டது. என் சுண்டு விரல் நுழைகிறது. இரும்பைப் பற்றவைத்தாலும் நிற்காதாம். இது இனிப் பியானோ இல்லை, பெரிய கறுப்புப் பீரோ. ஏலக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம். ஆறு பிள்ளைகளில் மூன்று பேர் வேறு டீச்சரிடம் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விரிசல் புதிது இல்லை என்கிறார் ட்யூனர். பழைய விரிசல்தான் இப்போது வாயைத் திறந்திருக்கிறது. சட்டம் முழுக்க ஒரு தங்க நிறம். அந்த மூலையில் மட்டும் வேறு தங்கம், கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. யாரோ விரிசலை நிரப்பி, மேலே பூசியிருக்கிறார்கள். பூச்சில் தூரிகையின் மயிர் ஒன்றுகூட ஒட்டியிருக்கிறது. "தெரிஞ்சே மறைச்சிருக்காங்கம்மா. யாரோ கெட்டிக்காரன்" என்றார்.

நான் உங்களை ஒன்றும் கேட்கப்போவதில்லை. மூன்று மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பலகை என் கண்முன்னால் இருக்கிறது. மூன்று குறி.

மகள்


மே 20

அன்புள்ள மகளுக்கு, கீழ் வீட்டு டைப்பிஸ்ட் அம்மா எழுதுவது. இதை உங்கள் அப்பா சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டிய நாள் முதல் அவர் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கீழே வருகிறார். "எழுதுங்கம்மா" என்கிறார். "பாப்பாவுக்கு" என்று எழுதுகிறேன். அதோடு நின்றுவிடும். என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று எழுந்துவிடுவார். என் மேசையில் "பாப்பாவுக்கு" என்று மட்டும் எழுதிய தாள் ஒன்பது இருக்கிறது.

நான் கேட்டேன்: "ஐயா, நான் இருக்கறதாலதான் சொல்ல முடியலையா? வேற ஆளை வச்சு எழுதிக்குங்களேன்."

"உங்ககிட்டயே சொல்ல முடியலன்னா அவகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றார்.

நீதிமன்றத்தில் முப்பது வருஷம் வாக்குமூலம் தட்டச்சு அடித்தவள் நான். ஒரு மனிதர் எப்போது பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியும். இன்னும் சில நாள் பொறுங்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
டைப்பிஸ்ட் அம்மா


மே 29

பாப்பாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்கிற தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன்.

ஊர்ப் பேருந்துகளுக்கெல்லாம் பச்சையை மாற்றிச் சிவப்பு அடித்தார்களே, உனக்கு முன்பல் இரண்டும் விழுந்து நீ வாயைப் பொத்திக்கொண்டு பேசினாயே, அந்த வருஷம். முதலாளி கடைக்கு ஒரு வேன் வாங்கப்போவதாகச் சொன்னார். ஓட்டத் தெரிந்தவன் நம் ஆளாகவே இருந்தால் நல்லது என்றார். சீப்பு யாருக்கும் சொல்லாமல் ஆறு மாதம் ஓட்டக் கற்றிருந்தான். ஒரு நாள் என்னிடம் வந்து, "மேஸ்திரி, நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். காலைல மட்டும் விட்டுடுங்க" என்றான். அவன் ஓட்டினால் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். மேஸ்திரி நான். எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்குப் பல் டாக்டர் வீட்டுக்குப் பியானோ போகணும். லீவு கிடையாது" என்றேன். "கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி, மத்தியானம் வந்து நானே தூக்குறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் போய்விட்டான்.

மத்தியானம் வரை நின்றிருக்கலாம். "அவன் இல்லன்னா தூக்க முடியாதா? மூணு பேர் போதும்" என்றேன். ஏணி வேண்டாம் என்றான். மீனும் வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை. ஐம்பத்திரண்டு படி. மேலே நின்று, பியானோவைக் கட்டிய தோல்வாரைப் பிடிப்பது எப்போதும் சீப்பின் வேலை. அன்றைக்கு அங்கே ஆள் இல்லை, வாரைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் சுற்றிவிட்டேன். இரண்டாவது திருப்பத்தில் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. பியானோ மூன்று படி இறங்கி இடது மூலையில் குத்தி நின்றது. படி உடைந்தது. மீன் காலைத் தூக்கியிருக்காவிட்டால் கால் போயிருக்கும். உள்ளே எல்லாக் கம்பியும் ஒன்றாக அலறியது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

எப்படியோ மேலே கொண்டுபோய் வைத்தோம். டாக்டரின் அப்பா மட்டும் வீட்டில் இருந்தார். அவருக்குக் காது கேட்காது. பழக்க தோஷத்தில் மூன்று பேரும் பலகையில் குறி கீறினோம். பிறகுதான் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். மற்ற இருவருக்கும் காட்டவில்லை. மறுநாள் பாலிஷ் போட வந்தேன் என்று சொல்லி, படச்சட்டம் போடுகிற கடையில் தங்கப் பூச்சு வாங்கிப் போய்ப் பூசினேன். கடையில் கிடைத்தது அந்த நிறம்தான். தூரிகையும் மட்டமானது. அந்த வீட்டில் யாரும் வாசிக்கப்போவதில்லை என்று தெரியும், போட்டோக்களைத் தயாராக வைத்திருந்தார்கள். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நாற்பது வருஷம் கழித்து என் மகள் தரையில் படுத்து என் வட்டத்தைத் தேடுவாள் என்று நினைக்கவில்லை.

பியானோ விழுந்த அன்றைக்கே, உடைந்த படிக்காக அந்தக் கட்டடத்துக்காரர் வந்து முதலாளியிடம் கத்தினார். யார் கை விட்டது என்று முதலாளி கேட்டார். நான், "சீப்பு வாரை விட்டுட்டு ஓடிட்டான்" என்றேன். ஏணியும் மீனும் தரையைப் பார்த்தார்கள். சீப்பு சொன்னபடியே மத்தியானம் லைசென்ஸோடு சிரித்துக்கொண்டு வந்தான். முதலாளி வாசலிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அவன் என்னிடம் வந்தான். "நான் இன்னைக்கு வரவே இல்லையே மேஸ்திரி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். நான் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். விட்டுக்கொண்டே இருந்தேன்.

பியானோவை மாடிப்படியில் கைவிட்டு ஓடியவன் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. எவனும் அவனிடம் வேன் கொடுக்கவில்லை. நீ அவனைக் கேட்டு அழுதாய். "ஊருக்குப் போயிட்டான்" என்றேன். அவன் எங்கும் போகவில்லை. மூன்று தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் தினமும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறோம். அவன் வாசல் பெஞ்சில், நான் உள் பெஞ்சில்.

உன் பியானோவை என்னால் திருப்பித் தர முடியாது. போன மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கொண்டுவர முடியாது. அந்த முதல் ட்யூனரிடம் நான் சொன்னேன் என்று மன்னிப்புக் கேள். அவர் கையில் தப்பு இல்லை. கம்பிகளை ஒரே பக்கமாகத் தளர்த்த வேண்டாம், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தளர்த்தச் சொல், இல்லாவிட்டால் சட்டம் முழுசாக விட்டுப்போய் யாருக்காவது அடிபடும். இறக்கும்போது நாலு ஆள் வேண்டும். மூன்று பேர் போதும் என்று எவனாவது சொன்னால் வீட்டுக்குள் விடாதே.

பலகையை மட்டும் தூக்கிப்போடாதே. கழற்றி, பழைய போர்வையில் சுற்றி எனக்கு அனுப்பு. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தால் வேறொருவர்தான் வாசிக்க வேண்டும், அவனுக்கும் எழுத்துத் தெரியாது. அந்தப் பலகையை அவனுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. டீக்கடையில், எல்லாரும் இருக்கும்போது, வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து அவன் மடியில் வைக்கிறேன். பிறகு அவன் என்ன சொன்னாலும் சரி.

ஏணி இருமலில் போனான். மீன் போன மழைக்கு முன்னால் தூக்கத்திலேயே போனான். முதலாளி போய், கடை போய், அந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். உன் அம்மாவுக்கு நான் சொன்னதில்லை, அவளும் போய்விட்டாள். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் யார் இல்லை என்று சொல்லக்கூடியவர்களில் என்னை விட்டால் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான். தலையில் ஒரு முடி கிடையாது. இன்னும் டீக்கடைக்குள் நுழைவதற்கு முன் பையிலிருந்து எடுத்து ஒரு தடவை வாரிக்கொள்கிறான், சீப்பு.